கடைப் பாட்டு

நம் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி மூன்று தடவை ஆள் அனுப்பிவிட்டார்கள். முதல் தடவை கண் சரியில்லை என்றேன். அடுத்த தடவை கை நடுங்குகிறது என்றேன். இரண்டும் உண்மைதான். மூன்றாவது தடவை வந்தவர், "பாய், புதுசா தொழிலுக்கு வந்திருக்கிற பசங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க" என்று உட்கார்ந்துவிட்டார். நல்ல வார்த்தை கைவசம் இருந்தால் முப்பத்தோரு வருடத்தில் நானே உபயோகப்படுத்தியிருப்பேன். என்னிடம் இருப்பது ஒரு தப்பு. அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: சென்னையில் பாடி மேம்பாலத்தைத் தாண்டி, லாரிகள் வரிசையாக நிற்கும் சாலையில் ஒரு கார் ஆடியோ கடை. அங்கே ஸ்டீரியோ பொருத்துவது என் வேலை. வீடு பூந்தமல்லியில். டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து, காலை வெளியே நீட்டி, மல்லாந்து கிடந்தே என் வயது போயிற்று. பாதி வாடிக்கையாளர்களுக்கு என் முகமே தெரியாது. செருப்பைப் பார்த்துத்தான் பாய் உள்ளே இருக்கிறார் என்பார்கள். இப்போது என் கழுத்து இடப்பக்கம் திரும்பாது. இத்தனை வருடம் என்ன வேலை பார்த்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். பாட்டு கேட்கிற வேலை என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

உங்களுக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. போனும் வண்டியும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்கின்றன. நான் சொல்வது அதற்கு முந்தைய சில வருடங்கள். கேசட் போய்விட்டது, சிடியும் போய்க்கொண்டிருந்தது. தீப்பெட்டி அளவில் ஒரு எம்பி3 பிளேயரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். "பாய், இதை வண்டில பாட வை." ஆனால் வண்டியோடு வந்த செட்டில் அதைச் செருக இடமே இருக்காது. நாங்கள் செட்டைக் கழற்றி, பின்னாலிருந்து ஒயர் இழுத்து, கியர் பக்கத்தில் ஒரு சின்ன ஜாக் வைத்துக் கொடுப்போம். மொத்தம் மூன்றே ஒயர். இடது ஸ்பீக்கருக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக எர்த் ஒன்று. இந்த மூன்றாவதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு கடைப் பாட்டு இருந்தது. வேலை முடிந்ததும் வாடிக்கையாளருக்குப் போட்டுக் காட்டுகிற பாட்டு. பக்கத்துக் கடையில் ஒன்று, எதிர்க் கடையில் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எந்தக் கடையில் வண்டி முடிந்தது என்று சொல்லிவிடலாம். எங்கள் கடைப் பாட்டில் முதல் முப்பது விநாடிக்குக் குரலே கிடையாது. வயலின்கள் இடப்பக்கம் எழும்பி வலப்பக்கம் போகும். நடுவில் ஏதேதோ மணியெல்லாம் அடிக்கும். காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு நெஞ்சு விரியும். முதலாளிதான் அதைத் தேர்ந்தெடுத்தவர். அவர் பெயரை எழுத மாட்டேன், அவர் பிள்ளைகள் இந்த மலரைப் படிப்பார்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான், நல்ல கைக்காரர். ஆனால் அவர் சொல்லிக்கொடுத்ததில் இதுவும் ஒன்று: "பாடறவன் வாயைத் தொறக்கறதுக்குள்ள நிறுத்திடு பாய். அதுக்குள்ள கஸ்டமர் மூஞ்சில சிரிப்பு வந்துடும். அந்தச் சிரிப்போட அனுப்பிடணும். கேக்க விட்டா குறை சொல்லுவான்."

நான் அப்படியே செய்தேன். எத்தனை வண்டி என்று கணக்கு இல்லை. எங்கள் கடைப் பாட்டைப் பாடியது ஆணா பெண்ணா என்று ரொம்ப நாள் எனக்கே தெரியாது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஏழுமலை வந்தான். வெள்ளை செடான், மஞ்சள் போர்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிற ஒரு ஐடி ஆபீசுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் டிரைவர். வீடு ஆவடிப் பக்கம். முப்பதைத் தாண்டியவன், கொஞ்சம் கூச்ச சுபாவம். பையிலிருந்து பிளேயரை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான்.

"பாட்டு இல்ல பாய் இதுல. பாடம்."

அவன் அரசு வேலைக்கு குரூப் ஃபோர் பரீட்சை எழுதப் போகிறவன். பத்தாவது வரை படித்தவன். வயது வரம்புப்படி அவனுக்கு அதுதான் கடைசித் தடவை. நாள் முழுக்க வண்டியில் இருக்கிறவன் புத்தகத்தை எப்போது விரிப்பது? அதனால் அவன் மனைவி மஞ்சுளா, எஸ்டேட்டில் துணி தைக்கிற கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வந்து, அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு, புத்தகத்தைச் சத்தமாகப் படித்து அந்தப் பிளேயரிலேயே பதிந்து கொடுப்பாளாம். தினம் ஒரு பாடம். மூன்று மாதமாக. ஆட்களை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பும்போது அவன் கேட்டுக்கொண்டே ஓட்டுவான்.

"போன்ல வெச்சா டிரிப் கால் வரப்போல்லாம் நின்னுடுது பாய். காதுல மாட்டிகினு ஓட்டுனேன், ஆபீஸ்ல யாரோ கம்ப்ளைன்ட் குட்த்துட்டாங்க. சூப்பர்வைசர் ஒயர புடுங்கி வெச்சிகினாரு. பரீட்சைக்கு மூணு வாரந்தான் கீது. வண்டிலயே பேசற மாரி பண்ணிக் குடு பாய்."

செய்துகொடுத்தேன். அன்றைக்கு அது எனக்கு ஆறாவது வண்டி. பின்னால் இன்னும் இரண்டு நின்றன, அதில் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. முடித்ததும் வழக்கம்போலக் கடையின் பிளேயரைச் செருகிக் கடைப் பாட்டைப் போட்டேன். வயலின்கள் எழும்பின. என்றைக்கும் இல்லாத மாதிரி அகலமாகக் கேட்டது, காருக்கு வெளியே இருந்து வருவது போல. ஏழுமலை வாயைப் பிளந்தான். "சூப்பரா கீது பாய்!"

பேஸ் என்கிற அடித்தொனி கொஞ்சம் மெலிந்திருந்தது. என் காதுக்கு அது தெரிந்தது. இதை நான் ஒளிக்கப் போவதில்லை. காது சொன்னது, முதுகு கேட்கவில்லை. மறுபடி படுத்து, மறுபடி கழற்றி, மறுபடி பார்க்க அன்றைக்கு என்னால் ஆகாது என்று தோன்றியது.

அப்போது அவன் கேட்டான்: "என்னுத ஒரு தபா போட்டுப் பாக்கலாமா பாய்?"

"அதெல்லாம் இதைவிட நல்லா வரும்பா. பின்னால வண்டி நிக்குது பாரு."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். முதலாளி சொன்ன அதே சிரிப்பு.

செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தான். முகம் கறுத்திருந்தது. என்னைக் குறை சொல்ல வரவில்லை. வேறொரு பிளேயர் வாங்க வந்திருந்தான்.

சனிக்கிழமை ஆபீசில் ஆட்களை இறக்கிவிட்டு, திரும்பும் வழியில் செருகிப் பார்த்திருக்கிறான். பிளேயரில் நேரம் ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. ஒவ்வொரு பாடமாக மாற்றிப் பார்த்திருக்கிறான். எதிலும் குரல் இல்லை. காதில் வைத்துக் கேட்க ஒயரும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டாண்டில் இன்னொரு டிரைவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "உள்ள இருக்கறதெல்லாம் கெட்டுப்போச்சு மாமே, ஃபார்மட் போட்டா சரியாயிடும்" என்று சொல்ல, இவன் போட்டுவிட்டான். மூன்று மாதப் பாடம் ஒரு பட்டனில் போயிற்று. அன்று சாயங்காலம் மஞ்சுளா சரி பார்ப்பதற்காகப் புதிதாக ஒரே ஒரு பாடம் படித்துப் பதிந்து கொடுத்திருக்கிறாள். திங்கட்கிழமை வண்டியில் அதுவும் வரவில்லை.

"இன்னா பாய் பண்றது? கடைசியா பதியறப்போ அவ எதையோ அமுக்கி எல்லாத்தியும் கெட்த்துட்டா போல. ஒரு பட்டன் அமுக்கத் தெரியலியான்னு கத்திட்டேன்."

டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அவனை எதிர்ப்பக்கம் அனுப்பினேன். அவன் கொடுத்துவிட்டுப் போன பிளேயரில் என் இயர்போனைச் செருகிக் கேட்டேன். குரல் வந்தது. சுத்தமாக வந்தது. ஒரு பெண் ஆறுகளைப் பற்றிய பாடத்தை நிறுத்தி நிறுத்திப் படித்துக்கொண்டிருந்தாள். பின்னால் குக்கர் விசில் அடித்தது. பாடம் முடிந்ததும் ஒரு நிமிடம் நிறுத்தி, "இது முடிஞ்சுது. மீதி நாளைக்கு. சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு அணைத்துவிட்டாள்.

பிளேயரில் கோளாறு இல்லை என்றால் கோளாறு எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டிக்குள் படுத்து ஜாக்கைக் கழற்றினேன். எர்த் ஒயர் ஈயத்தின் மேல் உட்கார்ந்திருந்தது, ஒட்டவில்லை. நான் சூடு போதாமல் வைத்த ஈயப் பற்று அது.

இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எர்த் பிடிக்காவிட்டால் செட் ஊமையாகிவிடும் என்றுதான் நினைப்போம். ஆகாது. இடது ஒயரும் வலது ஒயரும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். இரண்டிலும் வித்தியாசமாக இருப்பது மட்டும் மிஞ்சும். வயலின் ஒரு பக்கம், மணி ஒரு பக்கம் என்று பிரித்து வைத்த வாத்தியமெல்லாம் மிதந்து வரும், முன்னைவிட அகலமாகக்கூட வரும். பாடுகிறவர் குரல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் அடியோடு காணாமல் போகும். சமையலறையில் ஒரே மைக்கில் பதிந்த மஞ்சுளாவின் பாடத்தில் குரலைத் தவிர வேறு என்ன இருந்தது? அதனால் மொத்தமும் கழிந்து ஒன்றுமில்லாமல் போயிற்று. கடைப் பாட்டை இன்னும் ஒரு பத்து விநாடி ஓட விட்டிருந்தால், பாடகருக்குக் குரல் இல்லாததை நானே சனிக்கிழமை கேட்டிருப்பேன்.

பற்றை எடுத்துவிட்டு, நன்றாகச் சூடு காட்டி மறுபடி வைத்தேன். இரண்டு நிமிட வேலை. ஏழுமலை டீ குடித்துவிட்டு வந்தான். செருகினேன். ஆறுகள் பாடம் வண்டி முழுக்கக் கேட்டது.

"அட! இன்னா பாய் பண்ண?"

நம் தொழிலில் ஒரு வார்த்தை இருக்கிறது. நீங்களும் கற்றுக்கொண்டிருப்பீர்கள். அதைச் சொன்னால் யார் தப்பு என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

"சின்ன லூஸ் காண்டாக்ட்" என்றேன்.

அவன் ஒரு நிமிடம் யோசித்தான். கூச்சக்காரனே தவிர முட்டாள் இல்லை. "அப்போ சனிக்கெழமையும் இதானா பாய்? பாடம்லாம் நல்லாத்தான் இருந்துச்சா?"

உண்மையைச் சொல்ல அல்லா எனக்கு வாசல் திறந்துவிட்ட இடம் அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சனிக்கிழமை நல்லா பாடுச்சேப்பா. நீயே கேட்டியே."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவன் கேட்டான், அது பாடியது. கடைப் பாட்டு என்னைக் காப்பாற்றிவிட்டது.

"அப்ப அவதான்" என்றான் ஏழுமலை. "பதியறப்போ எதையோ தப்பா அமுக்கிக் கெட்த்திருக்கா." வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் அவனிடம் எதுவும் வாங்கவில்லை. வாங்காமல் விட்டதைப் பெரிய நியாயமாக அன்று மாலைவரை நினைத்துக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று எவ்வளவோ தடவை யோசித்திருக்கிறேன். முதலாளிக்குப் பயந்து என்று சொல்லிக்கொள்ளலாம். அது பாதிதான். உண்மையைச் சொன்னால் அதோடு முடியாது, அதற்கு மேல் பேச வேண்டும். அவன் கத்துவான், நான் நிற்க வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும். எனக்குத் தெம்பில்லை. களைத்துப்போன ஆள் சொல்கிற பொய் இப்படித்தான் இருக்கும், சின்னதாக, சீக்கிரம் முடிகிற மாதிரி. கெட்ட எண்ணத்தில் பொய் சொல்கிறவனை நீங்கள் கண்டுபிடித்துவிடலாம். அயர்ந்துபோனவனைக் கண்டுபிடிக்க முடியாது, அவன் நல்லவன் மாதிரியே இருப்பான்.

வியாழக்கிழமை மஞ்சுளா கடைக்கு வந்தாள்.

அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வாயைத் திறந்ததும் குரலை வைத்துத் தெரிந்துகொண்டேன். கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் பிடித்து வந்திருந்தாள். தொண்டை கட்டியிருந்தது. பிளாஸ்டிக் பையிலிருந்து பிளேயரையும், ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"பாய், ஏழுமலை ஊட்ல நானு. இதுல எந்தப் பட்டன எப்ப அமுக்கணும்னு ஒண்ணொண்ணா சொல்றீங்களா? எழுதிக்கிறேன். நான் தப்பா அமுக்கி மூணு மாசம் படிச்சதெல்லாம் பூட்ச்சு. இன்னொரு தபா தப்பாவக் கூடாது."

அன்றைக்குக் கடையில் ஒரு பெரிய வாடிக்கையாளர் இருந்தார். பதினைந்து வண்டி ஓட்டும் டிராவல்ஸ்காரர். எல்லா வண்டிக்கும் ஜாக் வைப்பதைப் பற்றி முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தார். இருவரும் எனக்கு நாலடி தூரத்தில் நின்றார்கள்.

நான் பிளேயரைக் கையில் எடுத்தேன். சிவப்புப் பட்டனைக் காட்டினேன். "இதை அமுக்கினா பதியும்." அவள் எழுதினாள். "மறுபடி அமுக்கினா நிக்கும்." எழுதினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நம்பர் போட்டு, அடிக்கோடு போட்டு எழுதினாள். பிறகு தலையைத் தூக்கி, "இதேதான் பாய் நானும் அமுக்கினேன்" என்றாள். "வேற இன்னா தப்பு பண்ணேன்னு தெரியல. அவரு ரெண்டு நாளா எங்கிட்ட பேசறதில்ல. சோத்த போட்டா துன்னுட்டு போயிடறாரு. செவ்வாக்கெழம ராவெல்லாம் நீ இன்னாத்த அமுக்குனன்னு கேட்டுகினே இருந்தாரு. தாங்க முடியாம, ஆமா, அந்தப் பக்கத்துப் பட்டன அமுக்கிட்டேன்னு ஒத்துகினேன். அமுக்கவே இல்ல பாய்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. செய்யாத தப்பை ஒப்புக்கொண்டு, அதைத் திருத்துவதற்கு நோட்டுப் புத்தகத்தோடு வந்து என் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"நீ ஒண்ணும் தப்பு பண்ணலம்மா" என்றேன். "உன் பாடமெல்லாம் நல்லாத்தான் இருந்தது. நான் ஒயரை ஒழுங்காப் பத்த வைக்கல. அதனாலதான் வண்டில கேக்கல. கேக்கலன்னுதான் அவன் அழிச்சான். தப்பு என்னுது."

முதலாளி திரும்பினார். "இன்னா பாய், லூஸ் காண்டாக்ட்தான? அதப் போய்ப் பெருசாப் பேசிகினு. போய் வேலையப் பாரு" என்று சிரித்த முகத்தோடு சொன்னார். கண் சிரிக்கவில்லை.

"லூஸ் காண்டாக்ட் இல்ல மொதலாளி" என்றேன். "நான் செஞ்ச வேலை அது. செவ்வாய்க்கிழமையே தெரியும். தெரிஞ்சே சொல்லல."

டிராவல்ஸ்காரர் என் கையைப் பார்த்தார், பிறகு முதலாளியைப் பார்த்தார். நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பினார். அவர் வரவே இல்லை. முதலாளி அந்த மாதம் முழுக்க என்னை 'வாங்க போங்க' என்று கூப்பிட்டார். அவரோடு பழகியவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று தெரியும்.

மஞ்சுளா நோட்டை மூடினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் ரொம்ப நேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"இத நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க பாய்" என்றாள். "நான் சொன்னா, என்னைக் காப்பாத்த பாய் சொல்றாருன்னுவாரு."

அவள் முன்னாலேயே போன் போட்டேன். ஏழுமலை அப்போதுதான் ஆட்களை இறக்கியிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை சொன்ன பொய்யையும் சொன்னேன்.

"அவ எங்க கீறா?" என்று மட்டும் கேட்டான்.

"இங்கதான்."

அரை மணி நேரத்தில் வந்துவிட்டான். இறங்கி நேராக என்னிடம் வந்தான். அடிப்பான் என்றுதான் நினைத்தேன். கையை ஓங்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

"பாடம் புஸ்தகத்துல கீது பாய். போனாப் போவுது, படிச்சிக்கலாம். ஒவ்வொண்ணு முடியும்போதும் சாப்ட்டியான்னு கேப்பா. தெனம். தொண்ணூறு தபா கேட்டிருப்பா. அத்தப் போய் நான் அழிச்சேன் பாரு." கடைக்குள் இருந்த மஞ்சுளாவைத் திரும்பிப் பார்த்தான். "ஒரு வார்த்த அன்னிக்கே சொல்லியிருந்தா, ரெண்டு நாள் அவகிட்ட மூஞ்சத் தூக்கி வெச்சிகினு இருந்திருக்க மாட்டேனே பாய்."



அவன் போய் வண்டியின் முன் கதவைத் திறந்துவிட்டான். மஞ்சுளா தயங்கினாள். ஆபீஸ் வண்டி, அவள் அதுவரை அதில் உட்கார்ந்ததே இல்லையாம். பிறகு ஏறினாள். பரீட்சைக்கு இரண்டு வாரத்துக்கும் சற்று மேல் பாக்கி இருந்தது. அந்த நாட்களில் ஷிஃப்ட் முடிந்ததும் எஸ்டேட் வாசலில் அவள் நிற்பாள், இவன் காலி வண்டியோடு வந்து ஏற்றிக்கொள்வான். ஆவடி வரை சத்தமாகப் படித்துக்கொண்டே போவாள். இதெல்லாம் அவன் பிறகு சொன்னது. மூன்று மாதத்தை இரண்டு வாரத்தில் படிக்க முடியுமா?

அவனுக்குக் கிடைக்கவில்லை. ரிசல்ட் வந்த அன்று எனக்கு போன் செய்து அவனே சொன்னான். கொஞ்சத்தில் போயிற்று என்றான். எவ்வளவு கொஞ்சம் என்று நான் கேட்கவில்லை. பற்று சரியாக இருந்திருந்தால் கிடைத்திருக்குமா? கிடைக்காமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. தெரியாதது எனக்கு நல்லது என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். அவர்கள் ஒரு தடவை என் இடத்தில் படுத்துப் பார்க்கட்டும், தூக்கம் வருகிறதா என்று.

அதற்குப் பிறகு நான் கடைப் பாட்டைப் போடவில்லை. வாடிக்கையாளர் கொண்டுவந்ததை, அது பாட்டோ பாடமோ ஓதலோ, அவர் கையாலேயே செருகச் சொல்லிக் கேட்பேன். குரல் வரும்வரை காத்திருப்பேன். வண்டிக்கு நேரம் கூடியது. ஒரு நாளைக்கு ஆறு வண்டி நாலு வண்டியானது. முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

நான் வேலையை விடுவதற்கு ஒரு மாதம் முன்பு ஏழுமலை மறுபடி வந்தான். இந்தத் தடவை சொந்த வண்டி. பழசு வாங்கியிருந்தான், ஆனால் புளூடூத், திரை, எல்லாம் இருந்தது. பின் சீட்டில் மஞ்சுளா, மடியில் ஒரு பெரிய காய்கறிப் பை.

"இதுலயும் அந்த ஜாக்க வெச்சுக் குடு பாய்."

"எதுக்குப்பா? இதுலதான் எல்லாம் தானா பாடுதே."

அவன் சட்டைப் பையிலிருந்து அந்தத் தீப்பெட்டி பிளேயரை எடுத்தான். ஓரமெல்லாம் தேய்ந்து போயிருந்தது.

கழுத்து அப்போதே திரும்பாது. இருந்தாலும் நானே படுத்தேன். மூன்று ஒயர். எர்த்தை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். வேலை முடிந்ததும், அப்பா இடத்தில் கல்லாவுக்கு வந்துவிட்டிருந்த முதலாளி மகன், பழக்க தோஷத்தில் கடைப் பாட்டைப் போடத் தன் போனைச் செருகப் பார்த்தான். ஏழுமலை கையைக் குறுக்கே வைத்து அதைத் தள்ளினான்.

"என்னுத போட்டுப் பாத்துக்கிறேன்."

செருகினான். ஆறுகள் பாடம். அந்தப் பிளேயரில் அது ஒன்றுதான் இருந்தது. வேறு எதையும் அவன் அதில் ஏற்றவில்லை. பாலாறு, தென்பெண்ணை, காவேரி என்று நிறுத்தி நிறுத்திப் படித்தாள். குக்கர் விசில் அடித்தது. பின்னால் இரண்டு வண்டி ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. முதலாளி மகன் என் காலைத் தட்டினான். அடிக்கட்டும் என்று நான் டேஷ்போர்டுக்கு அடியிலேயே கிடந்தேன். பாடம் முழுக்க முடியட்டும் என்று கிடந்தேன்.

"இது முடிஞ்சுது. மீதி நாளைக்கு. சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்" என்றான் ஏழுமலை, செட்டைப் பார்த்து, மெதுவாக.

பின் சீட்டிலிருந்து காய்கறிப் பை அசங்கும் சத்தம் கேட்டது. "யோவ், நான் இங்கதான்யா குந்திகினு கீறேன்" என்றாள் மஞ்சுளா.